குடிக்கிற தண்ணியும் அதில கரைஞ்சிருக்கிற இரசாயனமும்: சனம் திருப்பித் திருப்பிக் கேக்கிற கேள்விகள்

தண்ணிச் சாம்பிள் பாக்கிற லாப் ஒண்டில கனகாலம் வேலை செய்தனான், இருக்கிறது வெள்ளவத்தையில. அதால லிப்டுக்குள்ள, கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில, மீன் கடை வாசலில எண்டு எங்க கண்டாலும் ஆக்கள் தண்ணியைப் பற்றித்தான் கேப்பினம், அதுவும் ஏறக்குறைய ஒரே கேள்விகள். பயத்தில கடன் எடுத்து தேவையில்லாத மிசின் பூட்டின குடும்பங்களையும் தெரியும், உண்மையாவே மிசின் தேவைப்பட்ட வீட்டில பிளாஸ்டிக் வடி ஒண்டோட சமாளிச்சுக்கொண்டு இருந்ததையும் கண்டிருக்கிறன். ரெண்டும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்தது. அதாலதான் இதை எழுதுறன், கேள்விகளைக் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறன்.

கொழும்பில பைப்பில வாற தண்ணி எங்க இருந்து வருது? அதை என்ன செய்து அனுப்பினம்?

பெரும்பகுதி களனி கங்கைத் தண்ணி, அம்பத்தளையிலயும் பியகமையிலயும் சுத்திகரிச்சு வருது. மிச்சம் லபுகம, களட்டுவாவ எண்ட ரெண்டு நீர்த்தேக்கத்தில இருந்து வருது, லபுகம 1880கள்ல வெள்ளைக்காரன் கட்டினது, சுத்திவர காடு எண்டபடியா தண்ணி களனியை விடத் தெளிவு.

ஆத்துத் தண்ணியில இருக்கிற களித் துகள் எல்லாம் மறை மின்னேற்றத்தோட ஒண்டையொண்டு தள்ளிக்கொண்டு மிதக்கும், தானா அடியில படியாது. அதுக்குள்ள படிகாரம், எங்கட வீட்டில சீனக்காரம் எண்டு சொல்றது, அதைப் போட்டா அந்தத் தள்ளுப்பாடு இல்லாமப் போய் துகள்கள் பஞ்சு மாதிரி ஒட்டித் திரண்டு கீழ போகும். பிறகு மணல் படுக்கைக்குள்ளால விட்டு, கடைசியா குளோரின். எங்கட ஆச்சிமார் பானைக்குள்ள தேத்தாங்கொட்டை உரைச்சதும் இதே வேலைதான், முருங்கை விதையில இருக்கிற ஒரு புரதமும் இதைச் செய்யும், அதைப் பற்றி இப்பவும் ஆராய்ச்சி நடக்குது.

இதில முக்கியமா ஒண்டை விளங்கிக்கொள்ள வேணும். இந்த முறை முழுக்க மண், நிறம், கிருமி எடுக்கத்தான் உருவானது. தண்ணியில கரைஞ்சு போன உப்பு, நைத்திரேற்று, புளோரைட்டு இதுகளுக்கு இந்த அளவில போடுற படிகாரமும் மணலும் ஏறக்குறைய ஒண்டும் செய்யாது. கீழ வாற முக்கால்வாசிக் கேள்வி இதில இருந்துதான் கிளம்புது.

குளோரின் மணக்குது. அது நஞ்சு தானே, எப்பிடிக் குடிக்கிறது?

லீற்றருக்கு 5 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வீட்டுப் பைப்பில ஆகக் குறைஞ்சது 0.2 ஆவது மிஞ்சி இருக்க வேணும், இல்லாட்டி வாற வழியில குழாய் வெடிப்புக்குள்ளால புகுந்த கிருமியைக் கொல்ல ஒண்டும் இல்லை. அதால லேசா மணக்குது எண்டா பாதுகாப்பு இன்னும் இருக்கு எண்டுதான் நான் எடுப்பன். மணம் பிடிக்காட்டி வாய் அகண்ட பாத்திரத்தில சில மணித்தியாலம் வையுங்கோ, பெரும்பாலும் பறந்திடும்.

1908ல அமெரிக்காவில ஜேர்சி சிற்றியில ஒரு ஊர்த் தண்ணி முழுக்க தொடர்ந்து குளோரின் போடத் தொடங்கினவை, பிறகு மற்ற நகரங்களும் போட்டு தைபோயிட் மரணம் பயங்கரமாக் குறைஞ்சது. அதை மறந்திட்டு குளோரினைத் திட்டக்கூடாது.

கொதிக்க வச்சா எல்லாம் போயிடும் தானே?

கிருமி போகும், ஒரு நிமிசம் நல்லா குமிழி அடிச்சுக் கொதிச்சாக் காணும். இரசாயனம் வேற கதை.

எங்கட யாழ்ப்பாண வீட்டுக் கேத்தலை நினைச்சுப் பாக்கிறன். அடியில சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைப் படை, அம்மா கரண்டிக் காம்பால சுரண்டினா ஓடு ஓடா உதிரும், வினாகிரி விட்டா நுரைச்சுக் கரையும். கிணத்துத் தண்ணியில கரைஞ்சிருந்த கல்சியம் பைகாபனேற்று சூட்டில உடைஞ்சு கல்சியம் காபனேற்றாப் படிஞ்சதுதான் அது. தண்ணியில கல்சியம், மக்னீசியம் கூடக் கரைஞ்சிருக்கிறதைத்தான் வன்மை எண்டு சொல்றது, அதில ஒரு பங்கு கொதிக்கேக்க உண்மையாவே வெளியேறுது. குளோரோபோம் மாதிரி லேசில ஆவியாகிறதுகளும் பறக்கும். ஆனா நைத்திரேற்று, புளோரைட்டு, ஆர்சனிக், ஈயம், உப்பு ஒண்டும் ஆவியாகாது, தண்ணிதான் ஆவியாகுது. ரெண்டு லீற்றர் வச்சு ஒரு லீற்றரா வத்த விட்டா மிச்சத்தில அதுகள் ரெண்டு மடங்கு. கன நேரம் கொதிக்க விட்டா இன்னும் சுத்தம் எண்டு நினைக்கிற ஆக்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேணும்.

குளோரினால புற்றுநோய் வரும் எண்டு வாட்ஸ்அப்பில வந்தது, உண்மையோ?

ஒரு துண்டு உண்மை இருக்கு. 1974ல நெதர்லாந்தில ரொட்டர்டாம் நீர் வழங்கலில வேலை செய்த ஜொகானஸ் றூக் எண்ட இரசாயனவியலாளர், குளோரின் போட்ட ஆத்துத் தண்ணியில குளோரோபோம் மாதிரிப் பொருட்கள் உண்டாகிறதைக் கண்டுபிடிச்சு வெளியிட்டார். இலை தழை உக்கி வாற சேதனப் பொருளோட குளோரின் தாக்கமடைஞ்சு வாறதுதான் அது, ட்ரைஹலோமீதேன் எண்டு பேர். நீண்டகாலம் கூடின அளவில குடிச்சா ஆபத்து இருக்கலாம் எண்டபடியா பல நாடுகள் வரம்பு வச்சிருக்கு, அமெரிக்காவில நாலு வகையும் சேர்த்து லீற்றருக்கு 80 மைக்ரோகிராம்.

இதுக்கு மருந்து குளோரினை நிப்பாட்டிறது இல்லை, கிருமியால வாற ஆபத்து இண்டைக்கே வரும், இது பல வருசக் கணக்கு. குளோரின் போட முதலே அந்த சேதனப் பொருளைப் படிகாரத்தால கூடுதலா எடுக்கிறதுதான் சரியான வழி. வீட்டில எண்டா அடுத்த கேள்வியில வாற கரி பில்டர் நல்ல பங்கு பிடிக்கும்.

அந்தக் காலத்தில சிரட்டைக்கரி போட்டவை. இப்ப கார்பன் பில்டர் எண்டு விக்கிறதும் அதுவோ?

மூலப்பொருள் அதுதான், ஆனா அடுப்பில எரிச்ச கரி வேலை செய்யாது. சிரட்டைக்கரியை 800, 900 பாகைக்கு மேல நீராவியில பதப்படுத்தினா அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துவாரம் திறக்கும். ஒரு கிராம் நல்ல கரிக்குள்ள ஆயிரம் சதுர மீற்றர் அளவில மேற்பரப்பு இருக்கு. எங்கட கணக்கில சொன்னா கிட்டத்தட்ட 40 பேர்ச், ஒரு நல்ல வீட்டுக் காணி ஒரு சின்னக் கரண்டி நுனிக்குள்ள. சிரட்டையில செய்த இந்தக் கரியை உலகம் முழுக்க ஏற்றுமதி செய்யிற முக்கிய நாடுகளில இலங்கையும் ஒண்டு. வளவில குப்பையாக் கிடக்கிற சிரட்டை வெளிநாட்டில ஒரு நகரத்துக்கே தண்ணி சுத்திகரிக்குது எண்டதை நினைக்க எனக்கு எப்பவும் ஒரு சந்தோசம் வரும்.

குளோரின், ட்ரைஹலோமீதேன், கன வகைப் பூச்சிநாசினி, பெற்றோல் டீசல் வாசம், மண் மணம் எல்லாம் அந்தத் துவாரச் சுவரில ஒட்டிப் பிடிபடும். தண்ணியோட ஒட்டி இருக்க விரும்பிற உப்பு, நைத்திரேற்று, புளோரைட்டு பிடிபடாது, நேரா வெளியால வரும். கரி நிரம்பினாப் பிறகு பிடிச்சதையே திருப்பி விடவும் கூடும், குளோரின் போன ஈரக் கரியில பக்டீரியாவும் வளரும். அதால கரி அடைச்ச காட்றிச்சை மாத்த வேண்டிய நாளுக்கு மாத்தாட்டி அது இல்லாமலே இருக்கலாம்.

சேல்ஸ்மன் ஒருத்தர் தண்ணிக்குள்ள கம்பி விட்டுக் காட்டினவர், எங்கட தண்ணி மண்ணிறமாப் போச்சு, அவற்றை தண்ணி அப்பிடியே இருந்தது. இவ்வளவு ஊத்தையையோ இத்தனை வருசம் குடிச்சனாங்கள்?

இதைக் கேட்டது மூண்டாம் மாடி அக்கா, கேக்கேக்க கண் கலங்கிப் போச்சு. நான் போகேக்க அந்தக் கிளாஸ் இன்னும் மேசையில இருந்தது, மேல பச்சையும் மண்ணிறமுமா நுரை, கீழ சேறு மாதிரிப் படிவு. ஆரைப் பாத்தாலும் பயம் வரும்.

அந்தச் சேறு தண்ணியில இருந்து வந்தது இல்லை, கம்பியில இருந்து வந்தது. ஒரு கம்பி இரும்பு, மின்சாரம் பாயேக்க இரும்பு கரைஞ்சு துருவா வெளியில வருது. பைப் தண்ணியில கொஞ்சம் உப்பு இருக்கிறபடியா மின்சாரம் பாயும். அவர் கொண்டு வந்தது ஆர்.ஓ. தண்ணி, அதாவது அவர் விக்கிற மிசினால உப்பு எடுத்த தண்ணி, அதில உப்பு இல்லை, மின்சாரம் பாயாது, துரு வராது. அக்காவுக்கு முன்னால அவர் விட்டிட்டுப் போன ஆர்.ஓ. தண்ணியில ஒரு சிட்டிகை கறியுப்பு போட்டு, ரெண்டு இரும்பு ஆணியை ஒரு 9 வோல்ற் பற்றியில கட்டி விட்டுக் காட்டினன், கொஞ்ச நேரத்தில அதுவும் அதே நிறம். உப்புத்தான் போட்டது, ஊத்தை போடேல்ல. அக்கா அண்டைக்கே முற்பணத்தைத் திருப்பிக் கேட்டு போன் எடுத்தவ.

டி.டி.எஸ். மீட்டர் ஒண்டு வேண்டினனான், 60 காட்டுது. நல்லம் தானே?

அது மின்சாரம் எவ்வளவு பாயுது எண்டு பாத்து மொத்தக் கரைசல் அளவை மதிப்பிடுது, என்ன கரைஞ்சிருக்கு எண்டு அதுக்குத் தெரியாது. ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவன வரம்பு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். மீட்டரில 100 எண்டு வாறது 100 மில்லிகிராம், அதாவது அந்த வரம்பைப் போலப் பத்தாயிரம் மடங்கு. வரம்பை விட அஞ்சு மடங்கு ஆர்சனிக் இருந்தாலும் மீட்டர் இலக்கம் அசையாது. பூச்சிநாசினி, டீசல் இதுகளுக்கு மின்னேற்றமே இல்லை. ஆர்.ஓ. மெம்பிரேன், அதாவது உப்பை மறிக்கிற மெல்லிய சவ்வு, பழுதாகிட்டுதோ எண்டு பாக்க மட்டும் மீட்டர் உதவும், முன்னம் 10 காட்டினது இப்ப 50 எண்டா மாத்திற நேரம்.

ஆர்.ஓ. எண்டா என்ன? கொழும்பில இருக்கிற எங்களுக்குத் தேவையோ?

உப்புத் தண்ணியை அமுக்கம் குடுத்து மெல்லிய மெம்பிரேனுக்குள்ளால தள்ளினா தண்ணி மட்டும் மற்றப் பக்கம் போகும், கரைஞ்சதெல்லாம் பின்னுக்கு நிக்கும். இதுக்கு உருப்படியான மெம்பிரேனை முதல் செய்தது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில சிட்னி லோப்பும் இந்தியாவில பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜனும், 1960 அளவில. 1965ல கோலிங்கா எண்ட சின்ன ஊரில முதல் நிலையம் ஓடத் தொடங்கினது. நைத்திரேற்று, புளோரைட்டு, ஆர்சனிக், உப்பு எல்லாத்துக்கும் சேர்த்து வீட்டில கைகுடுக்கிற ஒரே முறை ஏறக்குறைய இதுதான். இப்ப வாற மெம்பிரேனைக் குளோரின் அரிக்கும், அதாலதான் அதுக்கு முன்னால கரிக் காட்றிச் வைக்கினம்.

எண்டாலும் என்ர அபிப்பிராயம், கொழும்பில பைப் தண்ணி குடிக்கிற பெரும்பாலான வீட்டுக்கு ஆர்.ஓ. வேண்டாம். களனித் தண்ணி மென்மையானது, உப்புக் குறைவு. வீட்டு மிசின் ஒரு லீற்றர் தரேக்க மூண்டு நாலு லீற்றரை வடிகாலுக்குள்ள விடும், கல்சியம் மக்னீசியத்தையும் சேர்த்து எடுத்திடும். மண் பிடிக்கிற பில்டர் ஒண்டும் கரி பில்டர் ஒண்டும், பிறகு கொதிக்க வைக்கிறதும் காணும். குழாய்க் கிணறு பாவிக்கிற வீடு, ஊரில வன்மையான கிணறு, அங்கதான் ஆர்.ஓ.வைப் பற்றி யோசிக்க வேணும், அதுவும் பரிசோதிச்சாப் பிறகு.

மழை இல்லாத மாசங்களில தண்ணி உப்புக் கரிக்கிறது ஏன்?

ஆத்தில வரத்துக் குறைய கடல்தண்ணி அடியால மேல ஏறும், உப்புத் தண்ணி பாரம் எண்டபடியா கீழ்ப்படையாப் போகும். அம்பத்தளையில தண்ணி எடுக்கிற இடத்துக்கு அது வராம இருக்கத்தான் ஆத்துக்குக் குறுக்கால மணல் மூட்டை அடுக்கித் தடுப்புப் போட்டவை. படிகாரத்தால உப்பு போகாது எண்டு முதல்லயே சொன்னன், அதால உப்பு உள்ள வர முதலே மறிக்கிறதுதான் ஒரே வழி.

ஆத்தில எண்ணெய், தொழிற்சாலைக் கழிவு கலந்தா அங்க பிடிபடுமோ?

பெரிசா நடந்தாப் பிடிபடும். 2015 ஆகஸ்ட்ல டீசல் கசிஞ்சு களனியில கலந்தப்ப தண்ணி எடுக்கிறதை நிப்பாட்டினவை, கொழும்புப் பக்கம் கன இடத்தில பைப் காஞ்சு கிடந்தது. சனம் திட்டினது, ஆனா நிப்பாட்டினதுதான் சரி, டீசல் ஒருக்கா குழாய்க்குள்ளயும் மணல் படுக்கைக்குள்ளயும் போனா கழுவி எடுக்க கனநாள் செல்லும். மெதுவா, சின்ன அளவில, தினமும் கலக்கிறதுதான் எனக்குப் பயம். அதுக்கு நிறுத்திறதுக்கு ஒரு நாள் எண்டு ஒண்டு இருக்காது, மேல் பக்கத்தில கழிவை ஒழுங்காக் கட்டுப்படுத்த வேணும், தொடர்ந்து அளக்க வேணும்.

யாழ்ப்பாணத்தில அம்மா அப்பா இன்னும் கிணத்துத் தண்ணிதான். ருசியா இருக்கு எண்டு சொல்லினம். பிரச்சினையோ?

ருசிக்குக் காரணம் சுண்ணாம்புக்கல். பிரச்சினைக்கும் காரணம் அதுதான், ஏனெண்டா அந்தக் கல் ஓட்டை ஓட்டையா இருக்கும், மேல தோட்டத்தில போட்ட யூரியாவும் மலசலகூடக் குழியில இருந்து ஊறிறதும் வடிகட்டுப்படாம நேரா கிணத்துக்குள்ள இறங்கும். குடாநாட்டில கன கிணறுகளில நைத்திரேற்று வரம்பைத் தாண்டி இருக்கிறதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கு, வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். பெரிய ஆக்களை விட ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச, புட்டிப்பால் குடிக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்துக் கூட, இரத்தம் ஒட்சிசன் காவ ஏலாமப் போய் உடம்பு நீலம் பாரிக்கும். அந்தப் பாலுக்குத் தண்ணியைக் கொதிக்க வச்சா நைத்திரேற்று கூடும், கேத்தல் கதையில சொன்ன அதே கணக்கு. அப்பிடிப் பிள்ளை இருக்கிற வீட்டில கிணத்துத் தண்ணியைப் பரிசோதிக்காம பாலுக்குப் பாவிக்க வேண்டாம், இதைக் கும்பிட்டுக் கேக்கிறன்.

நிறமும் இல்லை, மணமும் இல்லை, கரி பிடிக்காது. வீட்டில எண்டா ஆர்.ஓ. இல்லாட்டி அயன் மாற்றுப் பிசின், அதாவது நைத்திரேற்றைப் பிடிச்சுக்கொண்டு பதிலுக்கு வேற உப்பை விடுற சின்ன மணிகள். ஊர் அளவில பக்டீரியாவை வச்சு நைத்திரேற்றை நைதரசன் வாயுவா மாத்தி விடுற முறையும் இருக்கு, ஐரோப்பாவில பாவிக்கினம். வடமராட்சி கிழக்கு தாளையடியில கடல்தண்ணியை நன்னீராக்கிற நிலையம் 2024ல திறந்தது, நாளுக்கு 24,000 கனமீற்றர், அதுவும் ஆர்.ஓ.தான். குழாய் வந்த இடத்தில குடிக்கிறதுக்கு அதைப் பாவிக்கிறது நல்லம், கிணத்தைக் குளிக்க, மரக்கறிக்கு வையுங்கோ.

சுன்னாகத்தில கிணத்தில எண்ணெய் எண்டு சொன்னது இதோட சேருமோ?

அது வேற. மின்நிலையக் கழிவெண்ணெய் நிலத்துக்குள்ள இறங்கின விசயம், உச்ச நீதிமன்றம் வரை போய் 2019ல தீர்ப்பு வந்தது. எண்ணெயில தண்ணியோட கரைஞ்சு வாற பகுதிக்கு கரி உதவும், நைத்திரேற்றுக்கு உதவாது. ஒரே கிணத்தில ரெண்டும் இருந்தா ரெண்டு முறையும் வேணும், ஒரு பில்டரை வேண்டிப் பூட்டிட்டு நிம்மதியா இருக்க ஏலாது.

அனுராதபுரப் பக்கம் சிறுநீரக வருத்தம் தண்ணியாலதான் எண்டு முடிவாச்சோ?

முழுசா முடிவாகேல்ல. 1990கள்ல இருந்து வடமத்திய மாகாணத்தில கமக்காரரைத்தான் கூடுதலா அடிக்குது, நீரிழிவும் பிரஷரும் இல்லாத ஆக்களுக்கும் வருது. தண்ணியில வன்மையும் புளோரைட்டும் சேர்ந்து இருக்கிறது, பூச்சிநாசினி, கட்மியம், வெயிலில தண்ணி குடியாம வேலை செய்யிறது எண்டு பல சந்தேகம் ஆய்வில இருக்கு, ஒண்டு மட்டும் காரணம் எண்டு நிரூபணம் ஆகேல்ல. காரணம் தெரியும் வரைக்கும் சனம் காத்திருக்க ஏலாது எண்டுதான் ஊர் ஊரா ஆர்.ஓ. நிலையம் போட்டிருக்கு, அது சரியான முடிவு எண்டுதான் நானும் சொல்லுவன். பேராதனையில இலங்கை–சீன கூட்டு ஆய்வு நிலையம் ஒண்டும் இதுக்காக வேலை செய்யுது.

புளோரைட்டை மட்டும் எடுக்க மலிவான வழிகளும் இருக்கு. இந்தியாவில தெலுங்கானாவில நல்கொண்டா எண்ட மாவட்டத்தின்ர பேரில ஒரு முறை, ஆத்துத் தண்ணிக்குப் போடுறதை விடக் கனக்கக் கூடுதலாப் படிகாரமும், அதோட சுண்ணாம்பும் கணக்காப் போட்டுக் கலக்கிப் படிய விடுறது. எலும்புக்கரியும் பிடிக்கும். இலங்கையில சுட்ட செங்கல் துண்டை நிரப்பின வீட்டுப் பில்டரையும் பாவிச்சிருக்கினம், செங்கல்லில இருக்கிற அலுமினியம், இரும்பு ஒட்சைட்டுத்தான் பிடிக்கிறது. உலக வரம்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம்.

வங்காளதேசத்தில ஆர்சனிக்கை என்னால எடுத்தவை?

துருவால. இரும்பு ஒட்சைட்டுக்கு ஆர்சனிக் எண்டா நல்ல பிடிப்பு. அபுல் ஹுசாம் எண்ட இரசாயனப் பேராசிரியர் இரும்புத் துகள், மணல், கரி வச்சு அடுக்கு வாளி மாதிரி ஒரு பில்டர் செய்தவர், கரண்ட் தேவையில்லை, அதுக்கு 2007ல பத்து லட்சம் டொலர் கிரெய்ஞ்சர் பரிசு கிடைச்சது. சென்னை ஐ.ஐ.டி.யில பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின்ர குழு நனோ அளவு இரும்புப் பொருளில ஆர்சனிக் பிடிக்கிற பில்டரும், அதுக்கு முதல் வெள்ளி நனோத் துகளால பூச்சிநாசினியை உடைக்கிற முறையும் கண்டுபிடிச்சு உண்மையாவே சனத்திட்ட கொண்டுபோய்ச் சேர்த்தவை.

இதில ஒரு நுணுக்கம் இருக்கு. நிலத்தடித் தண்ணியில ஆர்சனிக் ரெண்டு வடிவத்தில வரும், ஒண்டுக்கு மின்னேற்றம் இருக்கு, மற்றதுக்கு சாதாரண பி.எச்.ல இல்லை. மின்னேற்றம் இல்லாதது துருவிலயும் லேசா ஒட்டாது, ஆர்.ஓ.வையும் கூடுதலாக் கடக்கும். அதால முதல்ல குளோரின் மாதிரி ஒண்டால ஒட்சியேற்றி மற்ற வடிவத்துக்கு மாத்த வேணும். இதைத் தெரியாம பில்டர் பூட்டின இடங்களில ஆர்சனிக் முழுசாப் போகாது.

கொட்டாஞ்சேனையில பழைய வீடு, காலமை முதல்ல திறக்கேக்க மண்ணிறமா வருது. ஈயமோ?

மண்ணிறம் இரும்புத் துரு, பாக்க அருவருப்பு, ஆபத்துக் குறைவு. ஈயத்துக்கு நிறமே இல்லை, அதுதான் அதில இருக்கிற மோசம். பழைய பித்தளைப் பொருத்து, ஈயம் கலந்த பற்றாசு வச்ச குழாயில இரவு முழுக்க நிண்ட தண்ணியில ஊறும், பிள்ளையளின்ர மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். காலமை முதல் தண்ணியை பூக்கண்டுக்கு விட்டிட்டு, குளிரா வாறதைத்தான் குடிக்கவும் சமைக்கவும் எடுங்கோ. சூட்டுத் தண்ணிப் பைப்பில இருந்து எடுத்துச் சமைக்க வேண்டாம், சூட்டில இன்னும் ஊறும்.

பிளட்ஸ்ல எண்டா கீழ சம்ப், மேல டாங்கி ரெண்டையும் ஆரும் கடைசியா எப்ப கழுவினது எண்டு கேளுங்கோ. அம்பத்தளையில இருந்து நல்லா வாற தண்ணி உங்கட மொட்டை மாடியில பழுதாகிறதைத்தான் நான் சாம்பிள்களில கூடுதலாக் கண்டிருக்கிறன்.

போத்தல் தண்ணி எண்டா பயமில்லைத் தானே?

எஸ்.எல்.எஸ். 894 முத்திரையைப் பாத்து வேண்டினா கிருமி, உலோகம் பயம் குறைவு. பிளாஸ்டிக் பற்றித்தான் இப்ப கதை. 2024 ஜனவரியில கொலம்பியா பல்கலைக்கழக ஆக்கள் அமெரிக்கப் போத்தல் தண்ணியை லேசர் முறையால பாத்து, ஒரு லீற்றரில சராசரியா 2,40,000 துண்டு எண்டு சொன்னவை, அதில 90 வீதம் நனோ அளவு. உடம்புக்குள்ள என்ன செய்யுது எண்டதை இன்னும் ஆராயினம். பெரிய போத்தலை வெயில் படுற இடத்தில அடுக்கி வச்சிருக்கிற கடையில வேண்டாதேங்கோ.

அதே வருசம் குவாங்சோவில செய்த ஒரு ஆய்வு எனக்கு நல்லாப் பிடிச்சது. வன்மையான தண்ணியைக் கொதிக்க வச்சா, மேல சொன்ன அந்தக் கேத்தல் சுண்ணாம்பு படியேக்க நனோ பிளாஸ்டிக்கையும் தனக்குள்ள மூடிக்கொண்டு படியுது, வடிச்சு எடுத்தா 90 வீதம் வரைக்கும் போகுது. கொழும்பு மாதிரி மென்மையான தண்ணியில பலன் குறைவு, 25 வீதம் அளவில. அம்மா சுரண்டி எறிஞ்ச படைக்குள்ள இவ்வளவு வேலை நடந்திருக்கு.

பி.எப்.ஏ.எஸ். எண்டு இப்ப எல்லா இடமும் கதைக்கினம், அது என்ன?

ஒட்டாத சட்டி, தீயணைக்கிற நுரை, தண்ணி ஊறாத துணி இதுகளில வாற ஆயிரக்கணக்கான பொருட்களின்ர குடும்பப் பேர். காபனும் புளோரினும் சேர்ந்த பிணைப்பு அவ்வளவு பலம், வெயில், பக்டீரியா, குளோரின் ஒண்டாலயும் உடையாது. 2024 ஏப்ரலில அமெரிக்கா இதில ரெண்டு வகைக்கு லீற்றருக்கு 4 நனோகிராம் எண்டு வரம்பு வச்சது, ஆர்சனிக் வரம்பைப் போல 2,500ல ஒரு பங்கு. கரி, அயன் மாற்றுப் பிசின், ஆர்.ஓ. மூண்டும் பிடிக்கும், கரிக்கு நீளக் காபன் சங்கிலி உள்ளதுகள்தான் நல்லா ஒட்டும், குட்டைச் சங்கிலி சீக்கிரம் நழுவிடும்.

பிடிக்கிறது ஒண்டு, அழிக்கிறது வேறொண்டு. 2022ல நோர்த்வெஸ்ரேர்ன் பல்கலைக்கழகத்தில ஒரு வகையை சோடியம் ஐதரொட்சைட்டும் ஒரு சாதாரண கரைப்பானும் போட்டு 120 பாகைக்குள்ளயே உடைச்சுக் காட்டினவை. தண்ணியை 374 பாகைக்கும் 221 பார் அமுக்கத்துக்கும் மேல கொண்டுபோய் அதுக்குள்ள எரிக்கிற முறையும் இருக்கு.

ஒவ்வொரு கிழமையும் புதுப் பொருள் கண்டுபிடிச்சிட்டினம் எண்டு செய்தி வருது. கடைக்கு ஏன் வரேல்ல?

செய்தியைப் பாத்தா நான் நாலு விசயம் தேடுவன். முதல்ல, ஆத்துத் தண்ணியிலயோ காய்ச்சி வடிச்ச தண்ணியிலயோ செய்தது? வடிச்ச தண்ணியில ஈயம் மட்டும் போட்டு 99 வீதம் பிடிச்சது எண்டா பெரிசில்லை, உண்மைத் தண்ணியில கல்சியம், பைகாபனேற்று, உக்கின இலைச்சாறு எல்லாம் அதே இடத்துக்கு அடிபடும். ரெண்டாவது, எவ்வளவு செறிவில செய்தது. 100 மில்லிகிராமில தொடங்கி 1 மில்லிகிராமுக்குக் குறைச்சா 99 வீதம், ஆனா குடிக்கிற வரம்புக்கு இன்னும் நூறு மடங்கு மேல. மூண்டாவது, நிரம்பினாப் பிறகு கழுவி எத்தினை தரம் திருப்பிப் பாவிக்கலாம். நாலாவது, ஒரு கிலோ செய்ய என்ன செலவு, அந்தப் பொருளே தண்ணிக்குள்ள உதிருமோ.

2025ல இரசாயன நோபல் பரிசு கிடைச்ச உலோக–சேதனச் சட்டகப் பொருட்கள், கிட்டகாவா, றொப்சன், யாகி மூண்டு பேருக்கும், அதுக்கு நல்ல உதாரணம். கரி மாதிரியே உள்ளுக்குள்ள பெரிய மேற்பரப்பு, ஆனா துவாரத்தின்ர அளவையும் சுவரையும் நினைச்ச மாதிரி வடிவமைக்கலாம், அதால பி.எப்.ஏ.எஸ்.ஐ மட்டும் தேர்ந்து பிடிக்க வைக்கலாம். எனக்கு அதில பெரிய நம்பிக்கை இருக்கு. ஆனா கன வகை தண்ணியிலயே மெதுவாக் கரையும், சிரட்டைக்கரியின்ர விலைக்குக் கிட்டவும் இன்னும் வரேல்ல.

பில்டர் பிடிச்ச நஞ்சு கடைசியா எங்க போகுது?

இதைக் கேட்டது ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை, கேள்வியைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோசம். காட்றிச் குப்பை லொறியில போகுது, அங்க மழையில ஊறித் திருப்பி நிலத்துக்குள்ள வரலாம். ஆர்.ஓ. கழிவுத் தண்ணியில புளோரைட்டும் உப்பும் செறிஞ்சு வருது, வடமத்தியில அதைப் பக்கத்து வாய்க்காலுக்குள்ள விட்டா அடுத்த கிணத்துக்குத்தான் போகும். ஆர்சனிக் நிரம்பின துருவை சீமெந்தோட கலந்து கட்டியாக்கி வைக்கலாம். பெரிய நிலையங்கள் பழைய கரியைத் திருப்பிச் சூடாக்கிப் பாவிக்கும். வீட்டுக் காட்றிச்சைத் திருப்பி எடுக்கிற ஒழுங்கு எங்களுக்கு வேணும், விக்கிற கடையிட்ட எல்லாரும் கேக்கத் தொடங்கினா வரும்.

அப்ப என்ர தண்ணியில என்ன இருக்கு எண்டு எப்பிடிப் பாக்கிறது?

நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின்ர லாப்களிலயும் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்திலயும் காசு கட்டிப் பரிசோதிக்கலாம், பைப் தண்ணி திடீரெண்டு நிறமோ மணமோ மாறினா சபையின்ர 1939க்கு எடுங்கோ. எல்லாத்தையும் பாருங்கோ எண்டு கேக்காம இடத்துக்கு ஏத்த மாதிரிக் கேளுங்கோ, யாழ்ப்பாணக் கிணறு எண்டா நைத்திரேற்று, வன்மை, கிருமி, வவுனியா அனுராதபுரப் பக்கம் எண்டா புளோரைட்டு, வன்மை, கொழும்புப் பழைய வீடு எண்டா இரும்பு, ஈயம், கிருமி.

லாப் தாற போத்தலிலதான் எடுக்க வேணும், கிருமிக்கும் உலோகத்துக்கும் வேற வேற போத்தல், உள்ள இருக்கிற துளி மருந்தைக் கழுவ வேண்டாம். ஈயம் பாக்க எண்டா காலமை ஒருத்தரும் பைப் திறக்க முதல் எடுத்த தண்ணி வேணும், மற்றதுகளுக்கு ரெண்டு மூண்டு நிமிசம் ஓட விட்டு எடுங்கோ. கிருமிச் சாம்பிளை ஐஸ் பெட்டியில வச்சு அண்டைக்கே குடுங்கோ. போத்தலில எந்தப் பைப், எத்தினை மணி எண்டு எழுதி ஒட்டுங்கோ, டாங்கியில இருந்து வாறதோ நேரா மெயினில இருந்து வாறதோ எண்டதையும் சேர்த்து.